சனிக்கிழமை ஒன்பது மணி வண்டி

ராகு காலம் பார்த்து வண்டி எடுத்த கிறிஸ்தவர் ஒருவரைத்தான் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். எங்கள் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். காலையில் வந்ததும் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு, இன்றைய தாளில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்று, ராகு காலத்தைச் சத்தமாக வாசிப்பார். கழுத்தில் ஜெபமாலை ஆடும். வாசித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "இன்னாம்மா, இன்னிக்கு பத்தரைலேர்ந்து பன்னண்டு. உங்காளுங்க ஒருத்தரும் நவுர மாட்டாங்க. எங்காளுங்க யார்னா கீறாங்களா பாரு" என்பார். அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். மற்றவர்களுக்கு அவர் டிரைவர் அண்ணன். எங்கள் மருத்துவமனையில் அந்த ஒரு பெயருக்கு ஒருவர்தான் இருந்தார். மற்ற டிரைவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

பூந்தமல்லியைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருந்த நடுத்தர மருத்துவமனை அது. பெயர் வேண்டாம். அங்கே என் வேலை, அவசரம் இல்லாத நோயாளிகளை இங்கிருந்து வேறு மருத்துவமனைக்கோ, ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கோ, டயாலிசிஸுக்கோ, பராமரிப்பு இல்லத்துக்கோ அனுப்ப நேரம் குறிப்பது. அதை அங்கே ஷிஃப்டிங் என்பார்கள். சைரன் போட்டுக்கொண்டு ஓடும் வண்டி வேறு. அது என் கையில் இல்லை. என் கையில் இருந்தது ஷிஃப்டிங் வண்டி ஒன்றே ஒன்று. அதற்கு டிரைவர் அண்ணன். காலையில் நான் எழுதும் பட்டியல்தான் அன்றைக்கு யார் எப்போது போவார் என்பதைத் தீர்மானிக்கும். கேட்க ஏதோ பெரிய பதவி மாதிரி இருக்கும். நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற வேலை. எனக்கும் நாக்கு நீளம், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்டியல் என்று ஒன்றே கிடையாது. யார் கத்துகிறாரோ அவருக்கு வண்டி. கத்தத் தெரியாதவர்கள் காலையிலிருந்து ஸ்ட்ரெச்சரில் படுத்து, வராந்தா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்கள். பட்டியல் போட ஆரம்பித்த பிறகு வேறு தலைவலி வந்தது. பத்தரைக்கு வண்டி தயாராக நிற்கும், நோயாளியும் தயார், கையில் காகிதங்களும் தயார். கடைசி நிமிடத்தில் ஒரு பெரியம்மா ஓடிவந்து, "ஐயய்யோ, ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சே, பன்னண்டு மணிக்கு மேல எடுங்கப்பா" என்று ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொள்வார். வண்டி ஒன்றரை மணி நேரம் சும்மா நிற்கும். அதற்கப்புறம் அன்றைய பட்டியல் முழுக்கச் சரிந்து, மாலையில் டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர் இயந்திரத்தைத் தவறவிட்டு அழுவார். நான் அந்தப் பெரியம்மாக்களோடு சண்டை போட்டிருக்கிறேன். உடம்பு முடியாதவரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேர பயம் எவ்வளவு பெரியது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

வழி சொன்னது டிரைவர் அண்ணன்தான். ஒரு நாள் டீயை உறிஞ்சிக்கொண்டே, "ஏம்மா அவங்ககூட மல்லுக்கு நிக்கற? அவங்க பயம் அவங்களுக்கு. ராகு காலத்துல எங்காளுங்களையும் பாய் ஊட்டு ஆளுங்களையும் போடு. ஞாயித்துக்கெழம காலைல எங்காளுங்க பூசைக்குப் பூடுவாங்க, இட்டுகினு போவ ஊட்டாளுங்க வரமாட்டாங்க. அந்த டயத்துல உங்காளுங்கள போடு. வண்டி நிக்கவே நிக்காது" என்றார். அடேயப்பா, இவ்வளவுதானா என்று இருந்தது. மறுநாளிலிருந்து அப்படியே செய்தேன். அட்மிஷன் காகிதத்தில் பெயரைப் பார்ப்பேன், சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுவேன். வெள்ளிக்கிழமை வெள்ளைத் தொப்பிக்காரர்களுக்கு மதியத் தொழுகை நேரத்தை விட்டுவிடுவேன். ஒரு மாதத்தில் வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் வரிசை காணாமல் போனது. நிர்வாகக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். யோசனை டிரைவர் அண்ணனுடையது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரிடம் வந்து சொன்னபோது, "கைத்தட்டலயா? அத வெச்சிகினு நா இன்னா பண்ணப்போறேன், நீயே வெச்சிக்கோ" என்று சிரித்தார்.

அந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. எங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை. நல்ல நேரங்கள் எல்லாம் நல்ல நேரம் கேட்பவர்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டு முன்கூட்டியே நிரம்பிவிடும். அவர்களை நகர்த்த முடியாது, நகர்த்தினால் சண்டை. ஆகவே திடீரென்று ஒரு தேவை வந்தால் நான் கை வைப்பது ராகு கால இடங்களில்தான். அங்கே இருப்பவர்கள்தான் "எப்ப வேணா போறோம்" என்று சொன்னவர்களாயிற்றே. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்பவர்களை எப்போது வேண்டுமானாலும் தள்ளியும் வைக்கலாம் என்று என் கை பழகிக்கொண்டது. யாரும் புகார் சொல்லாததால் அது தவறு என்றுகூடத் தோன்றவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் டிரைவர் அண்ணனின் மனைவி எங்கள் வார்டுக்கு வந்தார். நான் அவரை அண்ணி என்பேன். வயிற்றில் கட்டி. திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். இனி இங்கே வைத்துச் செய்ய ஒன்றுமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் வீடு ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில். அவர் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே கன்னியாஸ்திரிகள் நடத்தும் சின்னப் பராமரிப்பு இல்லம் ஒன்று இருந்தது. அங்கே போக வேண்டும் என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்றார். காரணம், மகள். மகளுக்கு அப்போதுதான் ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை பிறந்திருந்தது. தையல் ஆறாமல் அவளால் அவ்வளவு தூரம் வர முடியாது. பச்சைக் குழந்தையை எங்கள் வார்டுக்குள் விடவும் மாட்டார்கள். இல்லத்துக்குப் போய்விட்டால் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டில் வந்துவிடுவாள். டிரைவர் அண்ணன் தினமும் போனில் பேரனைக் காட்டுவார். அண்ணி பார்ப்பார், சிரிப்பார், பிறகு போனைத் தள்ளிவிடுவார். "போன்ல பாத்தா புள்ள கனம் தெரியுமாய்யா? ஒரு தபா மடில போட்டுக்கணும், அவ்ளோதான்" என்பார். அவருக்கு மிச்சம் இருந்த ஆசை அது ஒன்றுதான், அதை அவர் எல்லோரிடமும் சொன்னார். வார்டு கூட்டுகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும்.

வெளி வண்டி ஒன்றைக் கூப்பிட்டுவிடலாமே அண்ணே என்று கேட்டேன். "நா ஓட்டற வண்டி கீறசொல்ல அவள வேற எவன் வண்டிலயோ ஏத்துவனா? பருத்திப்பட்டு தாண்டி எங்கெங்க பள்ளம் கீதுன்னு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியுமா?" என்றார். அதுவும் சரிதான். அவர் வண்டியில் போனவர்கள் தூங்கிக்கொண்டே போய் இறங்குவார்கள். இல்லத்தில் புது ஆட்களைப் பகல் பன்னிரண்டுக்குள் கொண்டுவரச் சொன்னார்கள், அதற்குமேல் டாக்டர் இருக்க மாட்டார். ஞாயிறு சேர்க்க மாட்டார்கள். காலை நல்ல நேரங்கள் அந்த வாரம் முழுக்க நிரம்பியிருந்தன. மிச்சம் திங்கள் ஏழரை, வெள்ளி பத்தரை, சனி ஒன்பது. மூன்றும் ராகு காலம். "நமக்கு இன்னா ராகு, எப்ப வேணா போடும்மா" என்றார் அண்ணன்.

திங்கள் ஏழரைக்கு அண்ணி பெயரை எழுதியிருந்தேன். அன்று காலை டயாலிசிஸ் பெரியவர் ஒருவரின் இயந்திர நேரம் மாறிவிட்டது என்று போன் வந்தது. நான் கேட்டேன், அண்ணன் உடனே தலையாட்டினார். "டயாலிசிஸ் நின்னா ஆள் பூடுவாரும்மா. என் ஊட்டுக்காரி எங்க ஓடிடப் போறா." வெள்ளிக்கிழமை அவரே வந்து மாற்றச் சொன்னார். இடுப்பு எலும்பு முறிந்த ஒருவர் முந்தின நாள் வண்டி தாமதமானதால் இரவெல்லாம் முனகிக்கொண்டு கிடந்தார். ராகு காலமாவது மண்ணாவது, எங்க வீட்டுக்காரரைக் கொண்டுபோங்க சாமி என்று அவர் மனைவி அழுதாள். "அவர மொதல்ல வுட்டுட்டு வந்துடறேன். நாளைக்கு ஒம்போது மணிக்கு இவள இட்டுகினு போறேன்" என்றார். இந்த இரண்டு முறையும் யார் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். இன்றைக்கும் அதில் எனக்கு உறுத்தல் இல்லை.

மூன்றாவது முறைதான் என்னுடையது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் ஒருவர் வந்து மேசையைத் தட்டினார். தன் மாமனாருக்கு அம்பத்தூரில் எடுக்க வேண்டிய ஸ்கேனுக்காக நாலு நாளாக வந்து கத்திக்கொண்டிருந்த ஆள். ராகு காலமானாலும் சரி, நாளைக்கே வண்டி வேண்டும், நான் யார் தெரியுமா, மேலே யாரிடம் பேசவேண்டுமோ பேசுகிறேன், உன் வேலை இருக்கிறதா பார் என்று ஆரம்பித்தார். திங்கள் மதியம் அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தேன். அந்த ஸ்கேன் திங்கட்கிழமை எடுத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. ஆனால் எனக்கு அலுத்துப்போயிருந்தது. கரையான்சாவடியில் இறங்கிக் காய்கறி வாங்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை, தலை வேறு வலித்தது. பட்டியலில் சனி ஒன்பது மணியில் இருந்த அண்ணி பெயரை அடித்துவிட்டு அவருடைய மாமனார் பெயரை எழுதினேன். அண்ணியைத் திங்கள் ஏழரையில் போட்டேன். அண்ணனுக்கு ஒரு போன் செய்து கேட்கவில்லை. அவர் வேண்டாம் என்றா சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான், வேறொன்றும் இல்லை.

மறுநாள் நான் எட்டே முக்காலுக்குப் போனபோது அண்ணியை ஏற்கெனவே ஸ்ட்ரெச்சருக்கு மாற்றியிருந்தார்கள். பழைய பட்டியலைப் பார்த்து இரவு சிஸ்டர் எல்லாம் தயார் செய்துவிட்டுப் போயிருந்தாள். தலை வாரி, ஒரு முழம் பூ வைத்து, நீலப் புடவையை மேலே போர்த்தி, கையில் குழந்தைக்கென்று வாங்கிவைத்த குல்லா ஒன்று. டிரைவர் அண்ணன் என் மேசைக்கு வந்து பட்டியலை எடுத்துப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறை பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். "செரி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் என்னை இரண்டு திட்டு திட்டியிருக்கலாம். ஐயோ, திட்டியிருக்கலாம். அப்போதுகூட நான் மாற்றி எழுதியிருப்பேன்.

அண்ணியைத் திரும்பவும் கட்டிலுக்கு மாற்றினோம். நானும் ஒரு கை பிடித்தேன். உடம்பில் எடையே இல்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார். படுத்து மூச்சு வாங்கிய பிறகு என் முகத்தைப் பார்த்து, "அதுக்கு நீ ஏம்மா அழுவற? திங்கக்கெழம போய்க்கலாம். சாப்ட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். பொய். முத்தாபுதுப்பேட்டையில் அந்த மகள் குழந்தையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, இல்லத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பதினொன்றரை வரை உட்கார்ந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கும் வேலை நாள், அண்ணனுக்கும் வேலை நாள். அவர் சொல்லிக் கொடுத்தபடி ஞாயிறு காலை, பூசைக்குப் போகாத எங்காளுங்க நேரம். ஓர் அம்மாவை ஏற்றிக்கொண்டு அம்பத்தூருக்குக் கிளம்பியிருந்தார். சிறிது நேரத்தில் வார்டிலிருந்து போன். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியாக அண்ணி பக்கத்தில் இருந்தது அந்த வார்டு கூட்டுகிற அம்மாதான். பேரப்பையன் வந்துட்டானா என்று கேட்டாராம். வந்துகினே கீறான் என்று இந்த அம்மா சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் எனக்கு அழக்கூட இடமில்லாமல் போனது.

போன் செய்ய வேண்டியவள் நான். அவர் எடுத்தார், பின்னால் வண்டிச் சத்தம். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. வண்டி வேகம் குறைவது கேட்டது. பிறகு, "வண்டில ஆளு கீதும்மா. எறக்கி வுட்டுட்டு வந்துடறேன்" என்றார். நோயாளியை இறக்கி, காகிதங்களில் கையெழுத்து வாங்கி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். அந்த நோயாளி அம்மாவோடு வண்டியில் போன மகன் பிறகு சொன்னான், வண்டி ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை என்று. வந்தவர் நேராக வார்டுக்குப் போகவில்லை, முதலில் என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது. அவர் என் பட்டியலில் விரலை வைத்து, "திங்கக்கெழம ஏழரைக்கு அவ பேர போட்டுகீற பாரு, அத அடிச்சிடும்மா. காலியா வுடாத, வேற யாரையாச்சும் போடு" என்றார். அதற்குப் பிறகுதான் மாடிக்குப் போனார். நான் அந்தப் பெயரை அடித்தேன். அந்தக் கையை வெட்டிப் போட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடக்கத்துக்கு முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். அண்ணியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். குழந்தையைக் கொண்டுவரட்டுமா என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. பச்சப்புள்ளைய சாவு ஊட்டுக்குக் கொண்டாறதா, என்ன பேச்சு பேசற என்று உறவுக்காரப் பெண்கள் அதட்டிவிட்டார்கள். குழந்தை மூன்றாவது வீட்டில் தெரிந்த பெண்ணிடம் இருந்தது. அது அழும் சத்தம் ஜெபத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருந்தது. பெட்டியை மூடும்வரை அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று வீடுதான் தூரம். அதைக்கூட யாராலும் கடக்க முடியவில்லை.

சில வருடங்களில் எங்கள் பட்டியல் கம்ப்யூட்டருக்குப் போனது. அதை அமைக்க வந்த இளைஞர்கள் என்ன என்ன விதிகள் வேண்டும் என்று கேட்டார்கள். ராகு காலம், பூசை, தொழுகை எல்லாம் சொன்னேன், சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒன்று சொன்னேன். ஒருவர் பெயரை ஒரு முறைக்கு மேல் தள்ளிவைக்க முடியக்கூடாது. நோயாளியே கேட்டாலும், வீட்டுக்காரரே கேட்டாலும், நானே கேட்டாலும் முடியக்கூடாது. அவசரமானால் என்ன செய்வீர்கள் மேடம் என்றார்கள். அவசரத்துக்கு வேறு வண்டி இருக்கிறது, வெளியிலிருந்து கூப்பிட்டுக்கொள்ளலாம், இது முடியக்கூடாது என்று கத்தினேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விதியைப் போட்டுவிட்டார்கள். இப்போது அது நன்றாக வேலை செய்கிறது என்று வேறு மருத்துவமனைகளிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். யாராவது பாராட்டினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

டிரைவர் அண்ணன் வேலையை விட்டு நாளாகிறது. மகள் வீட்டோடு இருக்கிறார். போன மாதம் அண்ணியின் நினைவுப் பூசைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. பையன் வளர்ந்துவிட்டான், நாலாம் வகுப்பு, என்னை அத்தை பாட்டி என்று ஒரு புது முறை சொல்லிக் கூப்பிட்டான். அவன் அம்மா எனக்கு இலையில் ரசம் ஊற்றிக்கொண்டே பழைய கதையை எடுத்தாள். சனிக்கிழமை இல்ல வாசலில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். இத்தனை வருடமாக இவள் கேட்பாள், கேட்பாள் என்று நான் பயந்த கேள்வி இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுகூடத் தோன்றியது.

அவள் கேள்வி கேட்கவில்லை. "எல்லாம் எங்க நேரம் அத்தை. அன்னிக்குப் பாத்து வண்டி கிளட்ச் பூடுச்சாமே. அப்பா சொன்னாரு. நீங்க மெக்கானிக்க தேடிகினு ரோட்டு ரோட்டா அலைஞ்சீங்களாமே, அந்த வெயில்ல" என்றாள். நான் நிமிர்ந்து டிரைவர் அண்ணனைப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க வண்டி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அவர் என்னைப் பார்க்காமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "ஆமாம்மா, இந்தத் தங்கச்சி அன்னிக்கு பட்ட பாடு இன்னா பாடு. கிளட்ச் ப்ளேட்டு கெடைக்கவே இல்ல" என்றார்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், நன்றியோடு.

"ஆமாம்மா, எங்கேயும் கிடைக்கல" என்றேன்.